லிபரோ பக்கம் யாரும் சர்வீஸ் போட மாட்டார்கள்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் பெரியவளை அம்மா மடியில் அழவிட்டு வந்தோம். "கண்ணில் அடிபட்ட பெண்ணை ஆட அனுப்புகிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டவர்கள் கொஞ்ச நஞ்சம் பேர் இல்லை. என்னை ஏன் கேட்கிறீர்கள்? பொறுங்கள், இந்த வாரம் முடிகிறபோது நீங்கள் திட்ட வேறு ஆள் இருக்கும்.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. அப்பா அரசுப் பள்ளியில் டிரில் மாஸ்டர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அம்மா ஒரு லாண்டரியில் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். பெண்கள் இரண்டு, இரண்டும் வாலிபால். சின்னவள் அப்பாவின் அணியில் ஆடுகிறாள். பெரியவளைப் போன வருஷம் மேட்டுத் தெருவில் இருக்கும் தனியார் பள்ளி கொத்திக்கொண்டு போய்விட்டது. ஃபீஸ் கிடையாது, விடுதி இலவசம். அணியில் இருக்கும் வரைக்கும்தான் அந்த இடம், அவ்வளவுதான் நிபந்தனை.

அவள் ஒன்றும் பகட்டுக்குப் போகவில்லை. அப்பாவின் பள்ளியில் இரண்டு வருஷமாக இயற்பியலுக்கு வாத்தியார் இல்லை. அவளுக்கு மேலே படிக்க வேண்டும். இதை மாஸ்டரிடம் எத்தனை முறை சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. அதற்கப்புறம் அப்பாவும் பெண்ணும் பேசிக்கொண்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

போன மாதம் பயிற்சியில் ஒரு பந்து அவள் இடது கண்ணில் வந்து விழுந்தது. வீக்கம் வடிந்தது, பார்வை திரும்பவில்லை. இடது பக்கம் கறுப்பாகத் திரை விழுந்த மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள். பள்ளிக்குத் தெரிந்தால் அணியில் இடமில்லை. அணியில் இல்லையென்றால் பள்ளியில் இல்லை. பரீட்சை வாசலில் நிற்கிறது. "ஒரே ஒரு மேட்ச்தாம்மா, யார்கிட்டயும் சொல்லாத, ஃபைனல் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட போயிடலாம்" என்று கெஞ்சினாள். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டாள்.

அந்த ஃபைனல்தான் இன்றைக்கு. எதிர் அணி எது என்று உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

காலையில் மாஸ்டர் விசிலைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். அம்மா இரண்டு முறை டீயைச் சுடவைத்தாள், இரண்டு முறையும் ஆறவிட்டாள். அவளுக்கு ஒரே பயம்தான். இன்னொரு பந்து அதே கண்ணில் விழுந்தால் என்ன ஆகும் என்று ராத்திரி பூராவும் நினைத்து நினைத்து மனசு நைந்து போயிருந்தது. மகளுக்குக் கொடுத்த வாக்கா, மகளின் கண்ணா என்று வந்தபோது வாக்கை விட்டாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. பெரியவளுக்கு எடது கண்ணு தெரியல. அந்தப் பக்கம் வர்ற பந்து அவளுக்குக் கிட்ட வந்தப்புறம்தான் தெரியுதாம். உங்க டீம் பொண்ணுங்ககிட்ட சொல்லி அவ பக்கம் போகாம பாத்துக்குங்க."

மாஸ்டர் விசிலைக் கீழே வைத்தார். எப்போ, எப்படி என்று கேட்டார். அம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் முகம் ஒரு நிமிஷம் அப்பா முகமாகத்தான் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை.

"அவ லிபரோடி. லிபரோ பக்கம் எவனாவது சர்வீஸ் போடுவானா? நீ கவலப்படாத."

வாலிபால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அணியில் எல்லோருக்கும் ஒரு நிறச் சட்டை, லிபரோவுக்கு மட்டும் வேறு நிறம். அவள் வேலை பின்னால் நின்று பந்தை எடுப்பது, அது ஒன்றுதான். அணியிலேயே நன்றாக எடுக்கிறவளைத்தான் லிபரோவாகப் போடுவார்கள். அதனால் புத்தியுள்ளவன் அவள் பக்கமே சர்வீஸ் அடிக்க மாட்டான். பெரியவள் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அரையிறுதி வரைக்கும் தாக்குப்பிடித்தது அப்படித்தான். அவள் பெயருக்கு இருந்த பயம் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் சொன்னது முழு உண்மை. அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். அரை நாள் லீவு கேட்க லாண்டரிக்கு ஓடினாள். ஊரில் யாரிடம் சொல்லக் கூடாதோ அந்த ஒரே ஆளிடம் சொல்லிவிட்டோம் என்று அந்தப் பைத்தியத்துக்கு அப்போது தோன்றவே இல்லை. புருஷனிடம் சொன்னதாக நினைத்தாள். கேட்டுக்கொண்டது மாஸ்டர்.

இங்கே மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நியாயம் என்ற வார்த்தை இல்லாமல் அந்த மனுஷனுக்கு டீ கூட இறங்காது. போட்டிக் குழுக் கூட்டத்தில் வருஷா வருஷம் எழுந்து நிற்பார். தனியார் பள்ளிக்குக் கூரை போட்ட கோர்ட், மூன்று கோச், முட்டி பிசகினால் பிடித்துவிட ஒரு ஆள். எங்கள் பள்ளியில் மழை பெய்தால் கோர்ட்டில் குளம். எங்கள் தெருக்களில் பிறக்கிற பிள்ளைதான் எங்கள் அணி, அவர்கள் ஊர் ஊராகச் சல்லடை போட்டு அள்ளுகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கோப்பை வைத்துவிட்டு அதைப் போட்டி என்றால் அடுக்குமா, தனித்தனியாக வையுங்கள் என்பார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் சொன்னதில் எள்ளளவும் தப்பில்லை. நான் அன்றைக்கும் அவர் கட்சி, இன்றைக்கும் அவர் கட்சி. அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கடைசிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "அள்ளிட்டுப் போனதுல உங்க பொண்ணும் ஒண்ணுதானே, மாஸ்டர்?" அறையே சிரித்தது. தனியார் பள்ளிக் கோச்சும் குனிந்துகொண்டு சிரித்தார். மண்ணே படாத வெள்ளை ஷூ போடுகிறவர், மாஸ்டர் அவருக்கு வைத்திருக்கும் பெயரும் 'வெள்ளை ஷூ'தான். அந்தச் சிரிப்பு மாஸ்டரின் காதுக்குள் வாடகை இல்லாமல் குடியிருக்கிறது.

மேட்ச் தனியார் பள்ளியின் கோர்ட்டில்தான். கூரை இருக்கிற கோர்ட் ஊரில் அது ஒன்றுதானே. அரசுப் பள்ளிப் பெண்கள் மரத்தரையை முதல் முறையாக மிதித்தார்கள். ஷூ வழுக்குகிறது என்று ஒருத்தி வெறுங்காலோடு ஆடட்டுமா என்று கேட்டாள்.

உடை மாற்றும் அறையில் வெள்ளை ஷூ பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டார். மாஸ்டர் தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஏதோ சைகை செய்வாராமே, அது உனக்குத் தெரியுமே என்றார். தெரியாமலா? அந்தத் துண்டு பாஷை பிறந்ததே அவர்கள் வீட்டுச் சந்தில்தான். வலது தோளில் துண்டு கிடந்தால் எதிரணியின் வலது மூலை. இடது தோள் என்றால் இடது மூலை. கழுத்தைச் சுற்றி இருந்தால் வலையை ஒட்டிச் சின்னதாக. எட்டு வயதில் அவள் முதலில் படித்த பாஷை அது.

"அதெல்லாம் மாத்திட்டாங்க சார்" என்றாள் பெரியவள்.

மாஸ்டர் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. பெரியவள் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்ற நம்பிக்கை. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் அந்த நம்பிக்கை மட்டும் அவருக்கு அசையவே இல்லை.

முதல் செட் தனியார் பள்ளிக்கு. இரண்டாவதைச் சின்னவள் ஒருத்தியே அடித்து வாங்கினாள். அம்மா மேல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்திருந்தாள். மாஸ்டரின் துண்டு வலது தோளிலும் கழுத்திலுமாகவே இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று அவளுக்குக் கண்ணில் நீர் கூட வந்தது.

மூன்றாவது செட் பதினைந்துக்கு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஆனபோது சர்வீஸ் சின்னவள் கைக்கு வந்தது.

இத்தனை வருஷத்தில் அரசுப் பள்ளி அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. ஜெயித்தால் அடுத்த மாதம் தலைநகரத்தில் பெரிய போட்டி. மூன்றே பாயிண்ட். மாஸ்டர் எதிர்ப்பக்கம் பார்த்தார். வேறு நிறச் சட்டையில் பெரியவள் இடது மூலையை ஒட்டி நின்றாள். குழுவில் சிரித்தவர்கள் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மாஸ்டர் துண்டை எடுத்தார், முகத்தைத் துடைத்தார், இடது தோளில் போட்டார்.

சின்னவள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். லிபரோ அங்கேதானே நிற்கிறாள்? தவறிப் போட்டுவிட்டாரோ என்று காத்திருந்தாள். மாஸ்டர் இடது தோளில் துண்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

வலைக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தியும் அதைப் பார்த்தாள். முதலில் அவளுக்கும் புரியவில்லை. என் பக்கமா? அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டார். அம்மா சொல்லிவிட்டாள், அப்பாவுக்குத் தெரியும் என்பது அந்த நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது.

பந்து வந்தது. பெரியவள் கோழி மாதிரித் தலையைச் சாய்த்து நல்ல கண்ணால் தேடினாள். பந்து அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவள் எடுக்காத சர்வீஸை அந்தக் கூட்டம் அன்றுதான் பார்த்தது.

இரண்டாவது கையில் பட்டுப் பார்வையாளர் மேல் போய் விழுந்தது. வெள்ளை ஷூ டைம் அவுட் கேட்டார். என்ன ஆச்சு உனக்கு என்றார். ஒன்றுமில்லை, விளக்கு கூசுகிறது என்றாள். பக்கத்தில் நின்றவள், இடது பக்கத்தை நான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் பெரியவள். சரி என்று சொல்லியிருந்தால் ஏன் என்ற கேள்வி வந்திருக்குமே.

இந்தப் பக்கம் சின்னவள் மாஸ்டரிடம் கேட்டாள்: "லிபரோப்பா அவ. ரெண்டு தடவ விட்டுட்டா, மூணாவது விட மாட்டா. வேற பக்கம் போடட்டா?"

"சொன்னதச் செய்."

பாருங்கள், முதல் சர்வீஸை வேகத்தில் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், போகட்டும். ஆனால் டைம் அவுட் என்பது யோசிக்கக் கொடுக்கிற நேரம். துண்டை நகர்த்த ஒரு கை போதும். அம்மா மேலே எழுந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவருக்கும் அது தெரியும். துண்டு நகரவில்லை.

மூன்றாவது சர்வீஸ் சின்னவள் வாழ்க்கையிலேயே போட்ட நல்ல சர்வீஸ். பெரியவளின் இடது கன்னத்தில் விழுந்தது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். விசில் ஊதிவிட்டார்கள், மேட்ச் முடிந்தது.

அப்புறம் ஒரே கூச்சல். வெறுங்கால் பெண் உட்பட எல்லோரும் மாஸ்டரைத் தூக்கினார்கள். முன்வரிசைக்காரர்கள் கைதட்டினார்கள், வேறு வழி? அந்த நேரம் தனியார் பள்ளியின் வைத்திய அறையில் முட்டி பிடித்துவிடுகிற ஆள் பெரியவளின் வலது கண்ணைப் பொத்தி, எத்தனை விரல் என்று கேட்டார். மூன்று என்றாள். அவர் கையையே தூக்கியிருக்கவில்லை. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டதற்கு அம்மாதான் சொன்னாள். விழித்திரை கிழிந்திருக்கலாம், அடிபட்ட அன்றைக்கே வந்திருந்தால் ஒட்டவைத்திருப்பார்கள், நாளைக் காலையில் முதல் வேலையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். திரும்பி வருமா என்று அம்மா கேட்டதற்கு, கண் டாக்டர் சொல்வார் என்று நழுவிவிட்டார்.

வெள்ளை ஷூ வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. போகும்போது சட்டையை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்றார், அடுத்து வருகிறவளுக்கு அளவு சரியாக இருக்குமாம். பெரியவள் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாயங்காலம் மாஸ்டரும் சின்னவளும் வந்தார்கள். தெருமுனை வரைக்கும் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்துவிட்டுப் போனார்கள். சின்னவள் மெடலைக் கழுத்தில் ஆட்டிக்கொண்டு நேரே அக்காவின் கட்டிலுக்குப் போனாள். கன்னத்தில் ஐஸ் வைத்திருந்ததைப் பார்த்து, ஐயையோ, ரொம்ப வலிக்குதா என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாருக்கும் ஒரு கெட்ட நாள் வரும், விடு என்று பெரிய மனுஷி மாதிரித் தேற்றினாள். அம்மா அடுப்படியில் பாத்திரத்தைத் தேய்த்த இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே மேட்சின் முதல் செட்டைப் பற்றிப் பேசினார்.

அப்போதுதான் வெள்ளை ஷூ வந்தார்.

மரியாதையாகத்தான் வந்தார். பெரியவளின் கண்ணை விசாரித்தார், நல்ல டாக்டர் பெயர் ஒன்று சொன்னார். மாஸ்டருக்குக் கைகொடுத்து வாழ்த்தினார். அப்புறம் சின்னவள் பக்கம் திரும்பினார். அந்தக் கடைசி மூன்று சர்வீஸ் மாதிரி இந்த வயதில் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை என்றார். எங்கள் பள்ளியில் ஒரு இடம் இருக்கிறது, ஃபீஸ் கிடையாது, விடுதி இலவசம், நிர்வாகத்திடம் பேசிவிட்டுத்தான் வருகிறேன் என்றார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எந்த எடம்?"

"பெரியவ எடம்தாம்மா. காலியாத்தானே இருக்கு."

அவர் அதைச் சங்கடமே இல்லாமல் சொன்னார். ஊர் ஊராகச் சல்லடை போடுகிறவருக்கு ஒரே வீட்டில் இரண்டு முறை போட்டால் என்ன? மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். நியாயத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். கட்டிலிலிருந்து பெரியவள் குறுக்கிட்டாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

"கூட்டிட்டுப் போங்க சார். நல்ல புள்ள. சொன்ன எடத்துல போடுவா, ஏன்னு கேக்க மாட்டா."

சின்னவள் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தாள். அக்கா எப்போதும் அவளை வம்புக்கு இழுக்கிறவள்தான். கூடச் சிரிக்க ஆள் இல்லாததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். அக்காவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். என்ன சொல்கிறாள் இவள் என்று கேட்டாள்.

அம்மா அழாமல் சொன்னாள். "உங்க அக்காவுக்கு எடது கண்ணு தெரியலடி. ஒரு மாசமா. இன்னைக்குக் காலையில நான்தான் உங்கப்பாகிட்ட சொன்னேன். அவ பக்கம் போகாம பாத்துக்குங்கன்னு சொன்னேன்."

ஐஸ் உருகி அக்காவின் தலையணையில் சொட்டிக்கொண்டிருந்தது, சின்னவள் அதை எடுத்துத் தட்டில் வைத்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

"டைம் அவுட்ல நான் கேட்டேனேப்பா. வேற பக்கம் போடட்டான்னு கேட்டேன்."

வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த பதிலை மாஸ்டர் எடுத்து விட்டார். இது ஒரு வகையில் நல்லதற்குத்தான், இல்லையென்றால் இன்னும் மறைத்துக்கொண்டே ஆடியிருப்பாள், இப்போதாவது வெளியில் வந்ததே என்றார். இத்தனை வருஷம் அவர்கள் நம்மை எப்படி நடத்தினார்கள் என்று உனக்குத் தெரியாதா என்றார். வெள்ளை ஷூ அங்கேயே நிற்பது அவருக்கு மறந்துபோய்விட்டது. வெள்ளை ஷூ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சின்னவள் முழுசாகக் கேட்டாள். அவர் முடித்ததும் வெள்ளை ஷூவிடம் திரும்பினாள்.

"எப்ப சார் சேரணும்?"

மாஸ்டர் எழுந்துவிட்டார். "அடுத்த மாசம் தலைநகரத்துல போட்டி இருக்கும்மா" என்றார்.

அந்த மனுஷன் வாயில் அதுதான் வந்தது. காலையிலிருந்து இந்த நேரம் வரைக்கும் பெரியவளிடம் போய், கண் எப்படிம்மா இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டில் நாலு அடி தூரத்தில்தான் இருந்தது.

சின்னவள் அவர் பக்கமே திரும்பவில்லை. வெள்ளை ஷூ பதில் சொல்வதற்கு முன்னால் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பெரியவளுக்குச் சரி என்று தலையாட்டிய அம்மா, சின்னவளுக்கு இன்னும் ஆட்டவில்லை.